எட்டு மணிக்குச் செய்தி கிடையாது

எட்டு மணி ஆகிவிட்டால் வெர்லின் ஸ்டாம்பர் யார் கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார். ப்ராஷர் கவுண்டியில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எட்டு மணி டிவியில் கிரேடன் பெல்லுடைய நேரம். நல்ல கோட்டு, காதோரம் லேசான நரை, உன் கஷ்டம் எனக்குத் தெரியும் என்கிற மாதிரி ஒரு குரல். வெர்லின் நிலக்கரி ரயிலில் முப்பத்தொரு வருஷம் பிரேக்மேன் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவியையும் அடக்கம் செய்துவிட்டு, கென்டக்கி மலைச்சரிவில் ஒற்றை வீட்டில் இருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷனைத் தினமும் தவறாமல் தேடி வந்து ஒரு மணி நேரம் பேசுகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? பெற்ற மகனே வாரத்துக்கு இரண்டு தடவைதான் வருவான். அதனால் அவரைக் குறை சொல்ல அவ்வளவு சுலபமாக வாய் வராது.

ஜூலைக் கடைசியில் ஓடை பெருகி, கீழ் ஊரை ஒரே ராத்திரியில் சேறாக்கிவிட்டுப் போனது. வெர்லினின் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. கரண்ட் இல்லை. ஆனால் ஜெனரேட்டர் இருந்தது. ஃபிரிட்ஜுக்கென்று வாங்கியதுதான், எட்டு மணிக்கு மட்டும் ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு டிவியைச் சொருகிக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை அப்படித்தான் மடியில் பொலோனா இறைச்சி சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிரேடன் பெல் அன்று சட்டம் ஒழுங்கைப் பற்றிப் பேசினார். வெள்ளம் வந்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது வீடு அல்ல, வெட்கம் என்றார். நல்லாச் சொன்னாரு என்று வெர்லின் தலையாட்டினார். பின்னால் சத்தமில்லாமல் ஒரு படம் ஓடியது. உடைந்த கடை ஜன்னல் வழியாக ஒரு ஆள் வெளியே இறங்குகிறான். கையில் குழந்தைகளுக்கான டயப்பர் பெட்டி, தண்ணீர் பாட்டில் கட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிகரெட் பண்டல். இடது காலை லேசாக இழுத்து நடக்கிறான். ஒன்பது விநாடிப் படம். முடிந்ததும் மறுபடி ஜன்னலிலிருந்து இறங்குகிறான்.

"தண்ணி எடுத்தா எனக்குப் புரியுது. குழந்தைக்கு டயப்பர், அதுவும் புரியுது," என்றார் கிரேடன் பெல். "சிகரெட் எதுக்குங்க? நான் யாரையும் எதுவும் சொல்லல. கேக்குறேன், அவ்வளவுதான்."

மூன்றாவது தடவை இறங்கும்போதுதான் வெர்லினுக்கு அது யாருடைய கால் என்று பிடிபட்டது. பதினாறு வயதில் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட கால் அது. தொப்பியில் கவுண்டி பள்ளிக்கூடத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவருடைய மகன் ஆர்லிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அந்த நிகழ்ச்சி முடிவதற்குள் ஆர்லிஸ் பதினொரு தடவை ஜன்னலிலிருந்து இறங்கினான். சாண்ட்விச் மடியிலேயே கிடந்தது.

மறுநாள் காலை ஆர்லிஸ் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் கேன் எடுத்துக்கொண்டு வந்தான். முழங்கால்வரை சேறு. மூன்று நாளாக அடுத்தவர் வீட்டுச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறவன்.

"சாப்டீங்களாப்பா?"

"நீதான் சிகரெட்டே குடிக்க மாட்டியே. அப்புறம் எதுக்கு எடுத்த?"

"என்ன சிகரெட்?"

"இமோஜீன் கடையில. டிவியில காட்டுனாங்க. ஊரே பாத்துச்சு."

"ஊருல கரண்டே இல்ல. எந்த ஊரு பாத்துச்சு?" ஆர்லிஸ் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கேனைக் கீழே வைத்தான். "இமோஜீன் அக்காதாம்பா எடுத்துக்கச் சொன்னாங்க. எல்லாருக்கும்தான் சொன்னாங்க. கதவு சேத்துல சிக்கிக்கிச்சு, அதான் ஜன்னல் வழியா ஏறினேன்."

"அப்படின்னா அவரு ஏன் அப்படிச் சொல்றாரு?"

"எவரு?"

"கிரேடன் பெல்."

"அவரு நியூயார்க்ல இருக்காரு. நான் உங்க முன்னாடி நிக்கிறேன்."

"அவரு பொய் சொல்ற ஆளு இல்லடா."

சொன்ன பிறகுதான் வெர்லினுக்கே அந்த வாக்கியம் காதில் விழுந்தது. ஆர்லிஸ் குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஜெனரேட்டரை நிரப்பினான், மூடியை இறுக்கினான், வண்டியில் ஏறிப் போய்விட்டான். கோபத்திலும் வேலையைப் பாதியில் விடாத பிள்ளை.

வெர்லினுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தடியை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கினார். இமோஜீன் தன் மளிகைக் கடை வாசலில் சிகரெட்டும் மண்வாரியுமாக நின்றாள். அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். விஷயத்தைக் கேட்டதும் மண்வாரியைச் சேற்றில் குத்தி நிறுத்தினாள்.

"ஏன்யா வெர்லின், உனக்குப் புத்தி எங்கய்யா போச்சு? அந்த சிகரெட் எனக்கு. ஜன்னல்ல ஏறுற வயசா எனக்கு? 'ஆர்லிஸு, அப்படியே என் சிகரெட்டையும் எடுத்துட்டு வாப்பா'ன்னு நான்தான் கெஞ்சினேன். அந்தப் படத்துல இன்னும் ரெண்டடி தள்ளிக் காட்டியிருந்தா, கைய நீட்டிக்கிட்டு நான் நிப்பேன்."

"டயப்பரு?"

"நம்ம நூன் குடும்பத்து மருமகளுக்கு. கைக்குழந்தையோட சர்ச்சு ஹால்ல படுத்துக் கெடக்கா. அந்தக் கதவுல என்ன ஒட்டியிருக்கேன், படி."

படித்தார். அட்டையில் மார்க்கரால் எழுதியிருந்தது. கெட்டுப்போவதற்கு முன் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் கண்ணாடி ஜாக்கிரதை. மழையில் ஊறியும் எழுத்து நன்றாகத் தெரிந்தது.

"மைக்கோட ஒரு சின்னப் பொண்ணு வந்தா," என்றாள் இமோஜீன். "அவகிட்ட இம்புட்டும் சொன்னேன். அன்னிக்கு மத்தியானமே அப்படியே போட்டாங்களாம். லெக்ஸிங்டன்லருந்து எம் பொண்ணு போன் பண்ணிச் சொன்னா. உன் சேனல்தான்யா. அதே சேனல்."

வெர்லினுக்குக் காது சுட்டது. மகனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று, வெள்ளத்திலிருந்து அவன் தங்கியிருந்த சர்ச் ஹாலுக்கு நடந்தார். ஆர்லிஸ் அங்கே இல்லை. பள்ளி அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். தொப்பியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு நாடு முழுவதிலுமிருந்து போன் வந்துகொண்டிருந்தது. இந்தத் திருடனிடமா பிள்ளைகளை அனுப்புகிறீர்கள் என்று. சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிட்டது. பள்ளி வாரியம் கூடி முடிவெடுக்கும்வரை ஆர்லிஸ் பேருந்தைத் தொடக்கூடாது. வாரியம் கூட இரண்டு வாரம் இருந்தது. பதினெட்டு வருஷமாக அந்த மலைப் பாதையில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் ஓட்டியவன் அவன்.

அப்போதும் வெர்லினுக்கு கிரேடன் பெல் மேல் கோபம் வரவில்லை. அவரிடம் யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், விஷயம் தெரிந்தால் அந்த மனுஷரே துடித்துப்போய்த் திருத்திவிடுவார் என்றுதான் நினைத்தார். திங்கட்கிழமை காலை சேனலுக்குப் போன் போட்டார். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"செய்திப் பிரிவு. சொல்லுங்க சார்."

சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எதையோ தட்டித் தேடினாள்.

"சார், நாங்க சரியாத்தான் போட்டிருக்கோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னெண்டு பதினாலுக்கு, கடைக்காரம்மா பேட்டியோட. அதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

"நான் சொல்றது எட்டு மணி நியூஸும்மா."

"எட்டு மணிக்கு நியூஸ் கிடையாது சார்."

வெர்லின் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"கிரேடன் பெல் வருவாரேம்மா."

"அது கருத்து நிகழ்ச்சி சார். அவங்க வேற பிரிவு, வேற மாடி. நாங்க ஏழு மணி வரைக்கும்தான்."

"அதே சேனல் பேரு. அதே மாதிரி மேஜை. கீழ அதே செவப்புப் பட்டை ஓடுது. இது நியூஸ் இல்லன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"கடைசில பேருங்க ஓடும்போது ஒரு வரி வரும் சார்."

"பன்னெண்டு வருஷமா பாக்குறேன். அந்த நேரத்துல நான் பல்லு வெளக்கப் போயிடுவேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்க அப்பாவும் அதைத்தான் நியூஸுங்கிறாரு சார்," என்றாள், குரலைத் தாழ்த்தி.

"சரி, எதுவா இருந்தா என்ன. ஒரு திருத்தம் போட்டுடுங்க. எம் பையன் வேலை போயிடும் போலருக்கு."

"எங்க செய்தி சரியா இருக்கு, அதனால நாங்க திருத்த வழியில்ல. அவங்க சொல்றது கருத்து, அதனால அவங்க திருத்தணும்னு கட்டாயம் இல்ல. எனக்கே சொல்லச் சங்கடமாத்தான் இருக்கு சார்."

வெர்லின் இதைக் கரண்ட் ஆபீஸ் கவரின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். இரண்டு பக்கமும் தப்பில்லை, நடுவில் தன் மகன் மட்டும் திருடன். எத்தனை தடவை படித்தாலும் அப்படித்தான் வந்தது. அந்தப் பெண் தயவுபண்ணி மேல்மாடி எண்ணைக் கொடுத்தாள்.

மேல்மாடியில் மரிஸ்ஸா என்று ஒருத்தி எடுத்தாள். தேன் குரல்.

"சார், ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். கிரேடன் அந்தப் படத்துல இருக்கறவரு பேரைச் சொல்லல. திருடினாருன்னும் சொல்லல. கேள்விதான் கேட்டாரு. ஒரு நிமிஷம், நீங்க அவரோட அப்பாவா?"

"ஆமாம்மா."

"நிகழ்ச்சி பாப்பீங்களா?"

"ஒரு நாள் விடாம."

"அந்தப் படத்தை முதல்ல பாத்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு சார்?"

"பொய் எதுக்குச் சொல்லணும். வெக்கமா இருந்துச்சும்மா. அப்புறம் விசாரிச்சுப் பாத்தா..."

அவள் வேகவேகமாகத் தட்டுவது அவருக்குக் கேட்டது. வியாழக்கிழமை நிகழ்ச்சிக்கு நீங்களே வர முடியுமா, வண்டியோடு ஆட்களை அனுப்புகிறோம், இதே மாதிரி மனசு விட்டுப் பேசினால் போதும் என்றாள். கிரேடன் பெல்லிடம் நேரிலேயே சொல்லிவிடலாம். வெர்லினுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது வாங்கிய கோட்டைத் தேடி எடுத்து வெயிலில் போட்டார்.

வியாழக்கிழமை சர்ச் வாசலில் வண்டி வந்து நின்றது. ஒரு ஆள் அவர் காதில் ஒரு குமிழைச் சொருகி, கேமராவின் கண்ணாடியையே பாருங்கள் தாத்தா என்றான். எதிரில் டிவி இல்லை. பன்னிரண்டு வருஷம் முகம் பார்த்துப் பழகிய ஆளோடு பேசப்போகிற நேரத்தில் முகமே தெரியவில்லை. காதுக்குள் குரல் மட்டும் வந்தது.

"வெர்லின், நீங்க உழைச்ச மனுஷன். நம்ம ஆளு. உங்க சொந்த மகனையே அந்தப் படத்துல பாத்தப்ப உங்களுக்கு வெக்கமா இருந்துச்சு, இல்லையா?"

"வெக்கமா இருந்துச்சுங்க. மகன்னு சொல்லிக்கவே கூசுச்சு. ஒரு ராத்திரி பூரா. காலைல கடைக்காரம்மாட்ட போய்க் கேட்டேன். அவளே எடுக்கச் சொன்னாளாம். சிகரெட்டும் அவளுக்குத்தானாம். கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. உங்ககிட்ட எத்தனை போன் இருக்கு, ஒண்ணுல கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே."

காதுக்குள் ஒரு மூச்சு சத்தம்.

"ஒரு தகப்பன் மனசு எனக்குப் புரியுது, வெர்லின். அது உங்க கருத்து, அதை நான் மதிக்கிறேன். மக்களே, முடிவு உங்க கையில."

"கருத்து இல்லங்க, கதவுல எழுதி..."

குமிழில் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்த ஆள் வந்து ஒயரைக் கழற்றினான். நல்லாப் பேசினீங்க தாத்தா என்றான். மொத்தமே ஒரு நிமிஷம் இருபது விநாடி.

வெள்ளிக்கிழமையிலிருந்து புதுப் படம் ஒன்று ஓடத் தொடங்கியது. கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் "வெக்கமா இருந்துச்சுங்க. மகன்னு சொல்லிக்கவே கூசுச்சு" என்கிறார். ஐந்து விநாடி. கீழே சிவப்புப் பட்டையில், பெற்ற தகப்பனே சொல்கிறார். வெர்லின் தன்னையே ஏழு தடவை பார்த்தார். எழுந்து போய் டிவியைப் பிடுங்கிவிட்டு ஃபிரிட்ஜைச் சொருகினார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆர்லிஸின் வண்டி மேட்டில் ஏறி வந்தது. அவன் தங்கியிருந்த சர்ச் ஹாலில் டிவி கிடையாது. யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். படியேறி வந்து, அப்பாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை மேஜைமேல் வைத்தான். அந்த ஐந்து விநாடி ஓடி முடிந்தது.

"இதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க, இதுக்கு அப்புறம் என்ன சொன்னீங்க?" என்று கேட்டான். "முழுசா சொல்லுங்கப்பா."

எழுபத்துமூன்று வயது மனுஷர், மனைவியின் அடக்கத்தில்கூடக் கண்ணைத் துடைக்காதவர், மகன் எதிரில் அழுதார்.

"நான் உன்னை இப்படிக் கேக்கலையேடா. நீ வந்து நின்னியே, நான் இப்படி ஒரு வார்த்தை கேக்கலையே."

"இப்ப அதுக்கென்ன. சொல்லுங்க."

சொன்னார். ஆர்லிஸ் முழுக்கக் கேட்டான். எத்தனை போன் இருக்கு என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அலமாரியைத் திறந்து, பீன்ஸ் டப்பா ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தான். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாரியம் கூடியது. பள்ளி நூலகத்தில் ஐந்து உறுப்பினர்கள், எதிரில் அறுபது எழுபது பேர். ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம் என்பது அங்கே வழக்கம். இமோஜீன் கதவில் ஒட்டிய அட்டையையே பிய்த்துக்கொண்டு வந்து, மூன்று நிமிஷத்தில் பாதியைத் திட்டுவதற்கே செலவழித்தாள். பள்ளிக் கண்காணிப்பாளர் லோவெல் ப்ராக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஊருல யாருக்கும் ஆர்லிஸ் மேல சந்தேகம் கிடையாது," என்றார். "ஆனா எரநூத்திப் பன்னெண்டு போன் வந்திருக்கு. இன்னும் வருது. நாளைக்கு அந்த பஸ்ஸுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைத்தான கேப்பாங்க?"

"அதுல நம்ம கவுண்டிக்காரங்க எத்தனை பேரு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

ப்ராக் காகிதத்தைப் பார்த்தார். "ஒருத்தரும் இல்ல."

வெர்லின் எழுந்தார். தன் மூன்று நிமிஷத்துக்கு நான்கு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். எழுந்தவர் அதைச் சொல்லவில்லை. "அதுல பதிவான ஒரு போனைப் போட்டுக் காட்டுங்க லோவெல்," என்றார். "என்னதான் சொல்றாங்கன்னு கேப்போம்."

போட்டார்கள். மிரட்டல் வரும், கெட்ட வார்த்தை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வந்தது வயசான ஒரு குரல், மரியாதையான குரல். "வணக்கம் ஐயா. நான் அரிசோனாலருந்து பேசுறேன். ரிட்டயராகி வீட்ல இருக்கேன். அந்த டிரைவரை எனக்குத் தெரியாது, அவரு மேல எனக்கு எந்த விரோதமும் இல்ல. நியூஸ்ல பாத்தேன். சின்னப் புள்ளைங்க விஷயம் பாருங்க, அதான் மனசு கேக்கல. அவரை எடுத்துடுறதுதான் நல்லதுன்னு படுது. கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்."

இடைவெளி விட்டு, ஒரு இருமல். பிறகு டொக் என்று வைத்த சத்தம்.

வெர்லின் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இவரு கெட்டவரு இல்ல," என்றார். "இவரை எனக்கு நல்லாத் தெரியும். நான்தான் இவரு. போன பிப்ரவரில நெப்ராஸ்கால ஒரு பள்ளிக்கூடத்துக்கு நானும் இப்படி ஒரு போன் பண்ணேன். சமையல்கட்டுச் சுவத்துலருந்து ஒரு பொம்பளை நம்ம நாட்டுக் கொடியக் கழட்டுறத எட்டு மணிக்குக் காட்டுனாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கீழ பள்ளிக்கூடத்துப் பேரு தெரிஞ்சுது. மறுநாள் காலைல ரெண்டு காபி குடிச்சிட்டு, நல்லவிதமா, மரியாதையா, அந்தம்மாவ வேலையவிட்டு எடுங்கன்னு சொன்னேன். இதே மாதிரி கடவுள் துணைன்னும் சொன்னேன். நியூஸ்ல பாத்தேன்னுதான் நானும் சொன்னேன்."

ஆர்லிஸ் தலை குனிந்திருந்தான்.

"எரநூத்திப் பன்னெண்டு பேரும் என்னை மாதிரிதான் இருப்பாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க இங்க உக்காந்திருக்கீங்க. யாரு பேச்சக் கேக்குறதுன்னு நீங்களே பாத்துக்கங்க." மூன்று நிமிஷ மணி அடிப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்.

வாரியம் ஓட்டுப் போட்டது. மூன்றுக்கு இரண்டு. ஆர்லிஸ் வியாழக்கிழமை பள்ளி திறக்கும்போது தன் பேருந்தை எடுக்கலாம். வேண்டாம் என்று கையைத் தூக்கிய இரண்டு பேரில் ஒருவர் வெர்லினின் சித்தப்பா பிள்ளை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெளியே ஆட்கள் வந்து ஆர்லிஸின் முதுகில் தட்டினார்கள். இமோஜீன் அவனைக் கட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் சிகரெட் வாசம் ஆக்கினாள். அவன் அப்பாவை வண்டியில் ஏற்றினான். பாதி மேடு ஏறியதும் கேட்டான்.

"அந்தம்மா பேரு என்னப்பா?"

"எந்தம்மா?"

"நெப்ராஸ்கா."

வெர்லின் யோசித்தார். அன்றைக்கு கிரேடன் பெல் போட்டிருந்த டையின் நிறம் ஞாபகம் இருந்தது. அவர் சொன்ன வார்த்தைகள் வரிசையாக ஞாபகம் இருந்தன. "பேரு தெரியலடா," என்றார்.

"வேலை போயிருச்சா?"

"அதுக்கப்புறம் நான் விசாரிக்கல."

ஆர்லிஸ் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அவர் கதவைத் திறக்கும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றான்.

காலையில் வெர்லின் காபி போட்டார், குடிக்கவில்லை. தன் பழைய எண் புத்தகத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் எண் இருந்தது, அவருடைய கையெழுத்திலேயே, பக்கத்தில் முடிந்தது என்று ஒரு சரி அடையாளத்தோடு. போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். உங்கள் சமையல்கட்டில் வேலை பார்த்தவர், பிப்ரவரியில் டிவியில் காட்டினார்களே, அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேட்டார்.

அந்தப் பக்கம் குரல் இறுகியது. "நீங்களும் அந்த நிகழ்ச்சி பாத்துட்டுக் கூப்பிடுறவர்தானா? போதும் ஐயா. அவங்க மார்ச்சுலயே போயிட்டாங்க. இருபத்திரண்டு வருஷம் இங்க சமைச்சவங்க. சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடியக் கழட்டுனாங்க. மறுநாள் அவங்களேதான் திரும்ப மாட்டுனாங்க. இப்ப சந்தோஷமா?"

"அப்ப நானும் போன் பண்ணேம்மா," என்றார் வெர்லின். "மன்னிப்புக் கேக்கத்தான் இப்பக் கூப்பிட்டேன்."

அவள் போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தார்.

"முன்னூறு பேருக்கு மேல கூப்பிட்டாங்க," என்றாள் அவள். "இதுக்குன்னு யாரும் கூப்பிடல." கோபம் போகவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. "நம்பர் தர மாட்டேன். லெட்டர் எழுதுங்க, கொண்டுபோய்க் குடுக்குறேன். அவங்க படிப்பாங்களா கிழிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

"அது அவங்க இஷ்டம்மா."

வெர்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு தாளை இழுத்து வைத்தார்.

"அவங்க பேரு என்னம்மா? கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. தப்பா எழுதிடக் கூடாது."